மாட்டினவரே கழற்ற வேண்டும்

சுகிர்தாவைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன், அதனால் எழுதிவைப்பதில் எனக்குப் பயமில்லை. காக்களூர் தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் அவளும் நானும் வருஷக்கணக்காக வேலை பார்க்கிறோம். ஒரே காலனி, ஒரே வேன். வேனில் ஜன்னலோர சீட் அவளுடையது. ஒருநாள் நான் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டேன் என்று காக்களூர் வரும்வரை நின்றுகொண்டே வந்தாள். பின்னால் இரண்டு சீட் காலியாகத்தான் இருந்தன. அப்படி ஒரு பிறவி.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. இந்தப் பக்கத்தில் ஒழுங்காக நடக்கிற எந்தக் கம்பெனியிலும் அது உண்டு. மெஷினைத் துடைக்கவோ ரிப்பேர் பார்க்கவோ ஒருவர் உள்ளே கையை விடும்முன், மெயின் சுவிட்சை அணைத்து அதன்மேல் தன் பேர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்ட வேண்டும். அட்டை தொங்கும்வரை சுவிட்சை யாரும் தொடக் கூடாது. முதலாளியே வந்து நின்றாலும் கூடாது. யார் மாட்டினார்களோ அவர்கள்தான் கழற்ற வேண்டும்.

ஒருமுறை கலியன் என்கிற மெக்கானிக் வேலையை முடித்துவிட்டு, அட்டையைக் கழற்ற மறந்து வேப்பம்பட்டில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டான். போனையும் எடுக்கவில்லை. அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் எட்வர்ட் சார் வந்து, "உள்ள ஆளே இல்லம்மா, கழட்டிட்டு ஓட்டுங்க" என்றார். சுகிர்தா போய் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டாள். கெஞ்சினார், அதட்டினார், மேலிடத்துக்குப் போன் போட்டார். அவள் நகரவில்லை. கடைசியில் பைக் அனுப்பி, கைலியோடு இருந்த கலியனை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார்கள். அவன் கழற்றினான், மெஷின் ஓடியது. வேன் கிளம்பத் தாமதமாகி, வழி முழுக்க நாங்கள் அவளைத் திட்டித் தீர்த்தோம். அவள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவள் புருஷன் இம்மானுவேலின் வலது கையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடிவாதம் புரியும். கல்யாணமான புதிதில் வேறொரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தார். உள்ளே கை இருப்பதைப் பார்க்காமல் ஒருவன் சுவிட்சைப் போட்டான். இரண்டு விரல்கள் போயின. அதற்கப்புறம் காலனி முனையில் சைக்கிள் பஞ்சர் கடை போட்டார். கடை பேருக்குத்தான். வீடு ஓடியதும் மகள் பிரின்சி நர்சிங் படித்ததும் சுகிர்தாவின் சம்பளத்தில்.

கொரோனா வந்த வருஷம் அந்தச் சம்பளம் நின்றது. எங்கள் காலனி திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்குக் கீழே இருக்கிறது. உள்ளே வர ஒரே ரோடு. பக்கத்து ஊரிலிருந்து கோயம்பேடு மார்க்கெட்டுக்கு லோடு ஏற்றப் போன ஒருவருக்கு நோய் வந்தது. தலை முதல் கால்வரை மூடிய ஆட்கள் வந்து அவர் குடும்பத்தையே ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனதை எங்கள் ஆட்கள் ஏரிக்கரையில் நின்று பார்த்தார்கள். மறுநாளே எங்கள் ரோட்டின் குறுக்கே ஒரு சவுக்குக் கம்பு வந்துவிட்டது. இந்தப் பக்கம் ஒரு டிரம், அந்தப் பக்கம் ஒரு டிரம், ஓரத்தில் வேலிமுள். வெளியாள் உள்ளே வரக் கூடாது, வெளியே போனவர் திரும்பி வரக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

அந்தக் கம்புக்குக் காவல் வரதன் மாமா. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் உருளைகளுக்கு நடுவில் வெந்து ரிட்டயர் ஆனவர். காலனியில் கல்யாணமோ சாவோ, முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவர். அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயம் எல்லாருக்கும் இருந்தது. எனக்கும்தான் இருந்தது. ஆனால் அரிசிப் பானையில் கைவிட்டால் அடி தட்டும்போது ஒரு பயம் வரும் பாருங்கள், அது இதைவிடப் பெரிய பயம்.

மே மாதம் எட்வர்ட் சாரிடமிருந்து போன் வந்தது. மருந்து பாட்டில் மூடி என்பதால் கம்பெனி திறக்க அனுமதி கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை வேன் வரும் என்றார். எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் அடுத்ததையும் சொன்னார். "வராதவங்களுக்காக காத்திருக்க முடியாதும்மா. ஹாஸ்டல்ல தங்கவெச்சு வெளியூர் ஆளுங்கள எடுக்கச் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை யாரு வராங்களோ அவங்களுக்குத்தான் வேலை."

ஒரு வேன் நிறையப் பெண்கள் கம்புக்கு முன்னால் போய் நின்றோம். வரதன் மாமா முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"போறதுன்னா தாராளமா போங்க. எவன் வேணான்னான்? ஆனா திரும்பி உள்ள வர முடியாது. ஊரு ஒத்துக்காது."

"ஊருன்னா யாரு மாமா?" என்றாள் சுகிர்தா.

"ஊருன்னா ஊருதான். இன்னா கேள்வி இது?"

சுற்றிலும் நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். யாரைத் தனியாகக் கேட்டாலும் "எனக்கு ஒன்னுமில்லம்மா, ஊரு ஒத்துக்காது" என்றார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்த ஊர் என்கிற ஆள் மட்டும் நேரில் வந்திருந்தால் நாலு அறை விட்டிருப்பேன்.

நான்தான் யோசனை சொன்னேன். திங்கட்கிழமை காலையில் எல்லாருமாகச் சேர்ந்து கம்பைத் தூக்கிக் கடாசிவிட்டுப் போவோம், இத்தனை பெண்களை யார் தடுக்க முடியும்? எல்லாரும் சரி என்றார்கள், இந்த மகராசியைத் தவிர.

"மாட்டினவங்கதான்க்கா கழட்டணும். நம்ம தூக்கக் கூடாது."

"அடியே, அது மெஷினு. இது கம்பு!"

"உள்ள யாரு கைய உட்டுனு கீறாங்கன்னு பார்க்காம சுவிட்ச போடச் சொல்றியா?" என்று கேட்டாள்.

அவள் நேராகப் புருஷன் கடைக்குப் போனாள். அங்கே ஒரு உடைந்த சிவப்பு பிளாஸ்டிக் குடம் கிடந்தது. இம்மானுவேல் அதைத் தகரம் வெட்டும் கத்தரியால் அட்டை அட்டையாக வெட்டி, சூட்டுக்கோலால் ஓட்டை போட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து வார் கோத்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் முறத்தில் போட்டுக்கொண்டு கம்பின் முன்னால் வந்து நின்றாள் சுகிர்தா.

"பயப்படுறவங்க அவங்கவங்க பேர எழுதி இதுல மாட்டுங்க. ஒரே ஒரு கார்டு தொங்கினாலும் நாங்க தாண்ட மாட்டோம். ஆனா மாட்டினவங்க எதுக்குப் பயப்படுறேன்னு வாயத் தொறந்து சொல்லணும். அதுக்கு நாங்க வழி பண்ணிட்டா அவங்களே வந்து கழட்டணும்."

எங்கள் காலனியில் மெஷின் பக்கத்தில் நிற்காத குடும்பம் கிடையாது. சிவப்பு அட்டை என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வரதன் மாமாவுக்கு முகக்கவசத்துக்கு மேலே கண் சிரித்தது. இவள் தன் கையைத் தானே கட்டிக்கொண்டாள் என்று நினைத்துவிட்டார். முதல் அட்டையை அவர்தான் மாட்டினார். பின்னாலேயே ஒவ்வொருவராக வந்து மாட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கம்பு முழுக்கச் சிவப்பு. காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து கடகடவென்று ஆடின. அதைப் பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. என் வேலையையும் சேர்த்தல்லவா இவள் தொங்கவிட்டுவிட்டாள்!

ஆனால் ஒன்று நடந்தது. அதுவரை ஊர் என்று ஒரே சுவராக நின்றது, இப்போது பேர் பேராக நின்றது. சுகிர்தா ஒவ்வொரு அட்டையாகப் பிடித்து, பேரைப் படித்து, அந்த வீட்டு வாசலில் போய்த் தள்ளி நின்றாள்.

முத்தம்மா சொன்னாள்: "எங்க ஊட்டு ஆளுக்கு இளைப்பு, உனக்கே தெரியும். தெருக்குழாயாண்ட நீயும் நிப்பே, நானும் நிப்பேன். நீ ஒரு தும்மல் போட்டினா அவன் போய்ச் சேர்ந்துருவான்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவள் இரக்கமில்லாதவள் என்று நான் பேசியதெல்லாம் எனக்கே சுட்டது. வேலைக்குப் போகிறவர்கள் யாரும் தெருக்குழாய்ப் பக்கமே வருவதில்லை, சர்ச் காம்பவுண்டில் இருக்கும் போர் குழாயில் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. முத்தம்மா வந்து தன் அட்டையைக் கழற்றினாள்.

அடுத்தது ரோசம்மாள். மருமகள் நிறைமாதம். பக்கத்து வீட்டுக் கொடியில் கம்பெனி யூனிஃபார்ம் காய்ந்தால் அந்தக் காற்று எங்கே அடிக்கும் என்று கேட்டாள். துணியை உள்ளே கொண்டுவராமல் கம்புக்கு வெளியிலேயே கொதிக்க வைப்பது என்றால் அவ்வளவு பெரிய பாத்திரத்துக்கு எங்கே போவது? அம்மன் கோயில் கூழ் அண்டா சும்மாதான் கவிழ்ந்து கிடந்தது. சாமி அண்டாவில் அழுக்குத் துணியா என்று சிலர் கொதித்தார்கள். பூசாரி அப்பாவு ஒரே பேச்சில் முடித்தார். "அம்மை வந்தவனையே தன் புள்ளையா பார்த்துக்குறா அவ. அவளுக்கு இல்லாத பேஜாரு உனக்கு இன்னாடா?" என்று சொல்லி, போகிற போக்கில் தன் அட்டையையும் கழற்றிக்கொண்டு போனார்.

மிச்சமிருந்த அட்டைகளில் பாதிக்குமேல் வேனைப் பற்றியவை. எங்கள் வேன் வேப்பம்பட்டு ஆட்களையும் வழியில் ஏற்றும். அவர்களுக்கு மெட்ராஸ் சகவாசம். எங்கள் காலனிக்குத் தனி வேன் வேண்டும், சீட்டுக்கு ஒருவர்தான் உட்கார வேண்டும், வழியில் ஒருத்தரும் ஏறக் கூடாது என்றார்கள். சுகிர்தா எல்லாரையும் கம்பருகில் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு எட்வர்ட் சாரைக் கூப்பிட்டாள்.

"ஒரு காலனிக்காகத் தனி வேனா? விளையாடுறியாம்மா?" என்றார் அவர்.

"சார், இங்க கார்டு தொங்கினு கீது."

"இன்னா கார்டு?"

"செவப்புக் கார்டு சார். எங்க ஊரு ஜனங்க மாட்டிக்கீறாங்க."

கைலியோடு வந்து இறங்கிய கலியன் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். "உன்னாண்ட பேசி நான் ஜெயிச்சதே இல்லம்மா. தனி வேன் அனுப்புறேன், போதுமா?" என்றார். அத்தனை பேரும் ஓ என்று கத்திவிட்டோம். அட்டைகள் கழன்ற வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊரடங்கு போட்ட நாளிலிருந்து எங்கள் காலனியில் கைதட்டிச் சிரித்த முதல் சாயங்காலம் அது.

கடைசியாகக் கம்பில் ஒரே ஒரு அட்டை நின்றது. வரதன் மாமாவுடையது. எதற்குப் பயம் என்று சுகிர்தா எத்தனை முறை கேட்டும் அவர் சொல்லவில்லை. "சொல்ல முடியாது, போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போனது.

திங்கட்கிழமை காலை சோற்று டப்பாவும் கையுமாகக் கம்புக்கு முன்னால் நின்றோம். காலனியே பின்னால் நின்றது. மெயின் ரோட்டில் எங்கள் வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அட்டை அசையாமல் தொங்கியது.

"மாமா, சொல்லிடு மாமா. எங்களால ஆனத பண்றோம்," என்றாள் சுகிர்தா.

"உன்னால ஒன்னும் ஆவாது!" என்று கத்தினார். குரல் உடைந்துவிட்டது. "சித்திரையில, இந்தக் கம்பு வர்றதுக்கு முன்ன, என் தங்கச்சி செத்துட்டா, தெரியுமில்ல? கும்மிடிப்பூண்டியில. பொறந்த ஊட்டுக் கோடிய அண்ணங்காரன் நான்தான் போத்தணும். கோடிப் பொடவைய வாங்கினு வண்டியில போனேன். வழியில பாஸ் கேட்டாங்க. என்னாண்ட ஏது பாஸு? அங்கியே ரோட்டோரமா உக்காந்துனு அவளைத் தூக்குறத போன்ல பார்த்தேன். பொடவை இன்னும் பையிலியே கீது. செத்த ஊட்டுக்குப் போவ எனக்கு ரோடு இல்ல. உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு ரோடு?"

தங்கச்சி செத்தது எங்களுக்குத் தெரியும். அவர் புடவையோடு பாதி வழி போய்த் திரும்பியது தெரியாது. யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போகிற மனுஷன், தன் வீட்டுச் சாவுக்குப் போக முடியாமல் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்தக் கம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வேன் மறுபடி ஹாரன் அடித்தது.

"இதுக்கு என்னாண்ட பதில் இல்ல மாமா," என்றாள் சுகிர்தா. சோற்று டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். கம்பு இடுப்பு உயரம்தான். குனிந்தால் அந்தப் பக்கம். யாரும் அவளைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

"வேன் போயிடும்டி," என்றார் அவர்.

"போவட்டும். உன் கார்டு தொங்கினு கீது."

"உன் பொண்ணு படிப்பு?"

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அப்போது எனக்கு என்ன வந்ததோ, நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அட்டைகள் தொங்கிய அன்று அவளை அடிக்கக் கை ஓங்க இருந்தவள் நான்! எல்லாப் பெண்களும் உட்கார்ந்தார்கள். பஞ்சர் கடை வாசலில் இம்மானுவேல் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். வரதன் மாமா எங்களைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், மெயின் ரோட்டைப் பார்த்தார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து முடிச்சில் கை வைத்தார்.

முடிச்சு அவிழவில்லை. சைக்கிள் டியூப் வெயிலில் இறுகிப்போயிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. டிரைவர் ஹாரனில் கை வைத்தபடியே இருந்தான். முத்தம்மா அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள் சுகிர்தா. "அவரே கழட்டட்டும்!"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வரதன் மாமா முகக்கவசத்தை இழுத்துக் கழுத்தில் விட்டார். "மாஸ்க்கு! மாஸ்க்கு!" என்று பின்னாலிருந்து பத்துக் குரல். "கம்னு இருங்க!" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு, மண்டி போட்டு, டியூபைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. படீர் என்று வார் அறுந்தது. வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

காலனியே விசிலடித்தது. அவரே கம்பின் ஒரு முனையைத் தூக்கினார், மறுமுனையை இம்மானுவேல் தூக்கினார். நாங்கள் செருப்பு தடதடக்க ஓடினோம். நான் போட்டிக்கு ஓடி முதலில் ஏறினேன். ஏறி, ஜன்னலோர சீட்டைக் கையால் தட்டிவிட்டு, பின்னால் போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கம்புக்கு வெளியே தகரத் தடுப்பில் குளிக்கத் தண்ணீர் தயாராக இருந்தது. கூழ் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கூழ் கிண்டும் துடுப்பால் எங்கள் யூனிஃபார்மைக் கிண்டிக்கொண்டிருந்தவர் வரதன் மாமா. "பதமா வெந்துச்சா மாமா?" என்று நான் கேட்டதற்கு, "உப்பு கம்மி" என்றார்.

எங்கள் காலனிக்கு நோய் வரவே இல்லை என்று கதை விட மாட்டேன். மழைக்காலத்துக்கு முன்னால் சிலருக்கு வந்தது, போனது. வந்தவர்கள் தங்கள் வாசலில் தாங்களே சிவப்பு அட்டையை மாட்டிக்கொண்டார்கள். எல்லாரும் சோறு கொண்டுபோய் வாசலில் வைத்தோம். தேறியதும் அவர்களே கழற்றினார்கள். உன்னால்தான் வந்தது என்று ஒருவர்கூட இன்னொருவரைப் பார்த்து விரல் நீட்டவில்லை. முத்தம்மாவின் புருஷன் இன்றைக்கும் இளைத்துக்கொண்டே எல்லாரையும் ஏசிக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஊரடங்கு தளர்ந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. கும்மிடிப்பூண்டிக்குப் போக வழி திறந்ததும் சுகிர்தா எட்வர்ட் சாரைப் பிடித்தாள். லீவு நாளில் சும்மா நிற்கிற எங்கள் வேனை வாங்கினாள். வரதன் மாமா தனியாக ஏறி உட்கார்ந்தார், மடியில் கோடிப் புடவை வைத்த பை. உட்கார்ந்தது ஜன்னலோர சீட்டில். சுகிர்தாதான் காட்டினாள்.

பொழுது சாய வேன் திரும்பியது. அவர் கையில் பை இல்லை. தங்கச்சி படத்துக்கு முன்னால் புடவையை வைத்து, அவள் மகளை அதைக் கட்டவைத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். யாரும் சொல்லாமலே தகரத் தடுப்புக்குப் போய்க் குளித்தார். போட்டிருந்த வேட்டியையும் சட்டையையும் அண்டாவில் போட்டுத் தானே துடுப்பால் ஒரு கிண்டு கிண்டினார். மாற்று வேட்டியோடு வந்து கம்புக்கு வெளியே நின்றார். கம்பு திறந்துதான் கிடந்தது. அப்படியும் நின்றார்.

"சுகிர்தா," என்று கூப்பிட்டார். "உள்ள வரலாமாம்மா?"

சுகிர்தா கம்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கையால் தடவிப் பார்த்தாள்.

"கார்டு எதுவும் தொங்கல மாமா. வா."